காது வைத்த சுவர்

கப்பல் சாமிக்குச் சொர்ணத்தம்மாள் என்று ஒரு சிஷ்யை இருந்தாள். குருவைவிடச் சிஷ்யைக்குப் பதினெட்டு வயது அதிகம். சாமி கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு காவி கட்டியவர் என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர்.

எகிப்தில் இருந்த பக்தர் ஒருவர் சாமியை அழைத்திருந்தார். "நீயும் கூடப் போய்ட்டு வாம்மா. பத்து நாள் தம்பியை நான் பாத்துக்கறேன்" என்று மகள் வாசுகிதான் தாயைப் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள்.

தம்பி சுகுமார் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. கண் திறந்திருக்கும். யாரையும் தெரியாது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போகும். தினமும் காலையில் அவன் காதோரம் உட்கார்ந்து பதிகம் சொல்லி, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவள்தான் சொர்ணத்தம்மாள். நாற்பது நாளாக அதை நிறுத்தியிருந்தாள். வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை.

ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. சரி என்றோ வேண்டாம் என்றோ இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

நைல் நதிக்கரையில் அந்தப் பழங்காலக் கோயில் நின்றது. வாசலிலேயே அவள் செருப்பைக் கழற்றினாள். வழிகாட்டி பதறிப்போய் ஏதோ சொன்னார்.

"கல்லு கொதிக்குதாம். போட்டுக்கச் சொல்றார்" என்றார் சாமி.

"கோயில்தானே?"

"கோயிலா இருந்தது."

"அப்ப போட மாட்டேன்."

சாமியும் தம் செருப்பைக் கழற்றினார். "இப்படி ஒரு சிஷ்யை வாய்ச்சா குருவுக்குக் கால் வெந்துதான் போகும்."

அவள் சிரிக்கவில்லை.

பெரிய பெரிய தூண்களைக் கடந்து கருவறைக்குப் போனார்கள். கறுப்புக் கல்லில் ஒரு பீடம் மட்டும் இருந்தது. அதன்மேல் மணல்.

"சாமி எங்கே?"

வழிகாட்டி இரண்டு கையையும் விரித்தார். இங்கே கும்பிட ஆள் வந்து ஆயிரத்தைந்நூறு வருஷம் இருக்குமாம்.

சொர்ணத்தம்மாள் பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். "எங்க வீட்டுப் பூஜையறை மாதிரியே இருக்கு" என்றாள்.

வெளியே வந்ததும் வழிகாட்டி பஸ் பக்கம் நடந்தார். அவள் கால் தானாக இடதுபக்கம் திரும்பியது.

"எங்கேம்மா?"

"சுத்தி வராம எப்படிப் போறது?"

"உள்ளேதான் சாமியே இல்லியேம்மா?"

"பழகின கால், சாமி. அதுக்கு என்ன தெரியும்?"

பின்பக்கம் நிழலே கிடையாது. வந்தவர்கள் யாரும் அங்கே போகவில்லை. வழிகாட்டி முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். கருவறைக்கு நேர் பின்னால், வெளிச்சுவரில், தலை உயரத்தில் இரண்டு காதுகள் செதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அவற்றுக்குக் கீழே கல் வழவழவென்று தேய்ந்து குழிந்திருந்தது.

வழிகாட்டி சொன்னதைச் சாமி தமிழில் சொன்னார். "ராஜாவும் பூசாரியும்தான் உள்ளே போகலாமாம். மத்த ஜனங்க இங்கே வந்து நெத்தியை வச்சு, அந்தக் காதில் சொல்லிட்டுப் போவாங்களாம்."

"நம்ம ஊர் நந்தி மாதிரி."

"ஆமாம்மா."

அவள் முகம் சுருங்கியது. "நந்தி காதில் நான் சொல்லாததா? எத்தனை பிரதோஷம்! என் பிள்ளை காதில் சொல்லாததா? யாராவது கேட்டிருந்தா, அவன் ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லியிருக்க மாட்டானா? உண்மையைச் சொல்லுங்க சாமி. கேக்கிறவன் இருக்கானா, இல்லையா?"

"தெரியலைம்மா."

"ஒரு குரு சொல்ற பதிலா இது?"

"சமையல்காரன் சொல்ற பதில்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமி சுவரைக் காட்டினார்.

"இதில் என்ன இல்லைன்னு பாருங்க."

வெகுநேரம் பார்த்தாள். "வாய் இல்லை."

"செதுக்கினவன் மறந்திருப்பானோ?"

அவள் தேய்ந்த குழியைத் தொட்டாள். அவள் நெற்றிக்கு அளவெடுத்தது போல இருந்தது. எத்தனை நெற்றி பட்டுத் தேய்ந்ததோ!

"வந்தவங்க யாரும் வாய் கேக்கலை போலிருக்கு" என்றார் சாமி.

பைக்குள் போன் அடித்தது. வாசுகி.

"அம்மா, இல்லத்துக்காரங்க மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. நான் என்னன்னு சொல்ல?"

சொர்ணத்தம்மாள் சுவரிலிருந்த காதுகளைப் பார்த்தாள்.

"அம்மா? கேக்குதா?"

"போனை அவன் காதுகிட்ட வை."

"யார் காதுகிட்ட?"

"தம்பி காதுலடி."

"எதுக்கும்மா இதெல்லாம்? மறுபடியும் ஆரம்பிக்காதே."

"வைடி."

கட்டில் கிறீச்சிட்டது. மின்விசிறி சுற்றும் சத்தம். பிறகு, சளி கட்டிய நெஞ்சிலிருந்து ஏறி இறங்கும் மூச்சு.

அவள் வாயைத் திறந்தாள். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சாமியைப் பார்த்தாள்.

"எல்லாம் பேசித் தீந்துபோச்சு சாமி. இனி அவன்கிட்ட நான் என்னன்னு பேசுவேன்?"

சாமி சுடுகல்லில் கால் மாற்றி நின்றார்.

"சாப்பிட்டியான்னு கேளுங்கம்மா."