பதினாறாம் பக்கம்

“அடுப்பு எரியுதா சிஸ்டர்? நாற்பத்திமூணு புத்தகம் கொண்டாந்திருக்கேன். எல்லாத்தையும் எரிக்கணும்.”

பாறைக்கோயில் சிஸ்டர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நாற்பத்திமூணா? உலை கொதிச்சிரும். சோறு வேகப் பத்தாது.”

வந்தவள் பெயர் ஜெசிந்தா. பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள். வயது ஐம்பத்திநாலு. முப்பது வருஷமாக அந்தச் சீமையில் பாதிப் பிள்ளைகள் அவள் கதையைக் கேட்டுத்தான் கண்ணுறங்கின. மலையேறி வந்ததில் மூச்சு இரைத்தது. துணிப்பையை இறக்கி வைத்தவள், அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

சிஸ்டருக்கு வயது முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மடத்தை விட்டு வந்து, பாறையைக் குடைந்த அந்தச் சின்னக் கோயிலில் தனியாக இருந்தாள். கேள்வியோடு ஏறியவர்கள் பலர். பதிலோடு இறங்கியவர்கள் சிலர்.

“யார் மேல கோபம்?”

“என் மேலதான்.”

“அப்ப புத்தகம் என்ன செஞ்சுது?”

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு. கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஜெர்லின் என்று ஏழு வயசுப் பிள்ளை. ரத்தத்தில் நோய். கதையில் காட்டில் தொலைந்த பிள்ளை வீடு வந்து சேர்ந்ததும், புத்தகத்தை மூடவிடாமல் கேட்டாள்.

“ஆன்ட்டி, உங்க புக்ல எல்லாப் பிள்ளையும் வீட்டுக்குப் போயிருது. நான் எப்பப் போவேன்?”

டாக்டர் கைவிரித்தது அதற்கு முந்தின நாள். ஜெசிந்தாவுக்கு அது தெரியும்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா சிஸ்டர்? ‘அடுத்த ஞாயித்துக்கிழமை, செல்லம்’னேன். வாய் தானாச் சொல்லிருச்சு.”

“பிள்ளை நம்பிச்சா?”

“நம்பிச்சே! ஷூவைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கா. பவுடர் டப்பா, கலர் பென்சில், எல்லாத்தையும் பையில எடுத்து வச்சிருக்கா. ஞாயிறு வந்துச்சு. போயிருச்சு.”

சிஸ்டர் களைந்த தண்ணீரை ஊற்றினாள்.

“அப்புறம்?”

“இன்னிக்குக் காலையில அவ அம்மா போன் பண்ணினா. ‘அக்கா, பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. யாரையும் வாசிக்க விட மாட்டேங்கா. மூச்சு விடுதாளான்னு மூக்குகிட்ட விரலை வச்சு வச்சுப் பார்க்கேன். டாக்டர் நாலஞ்சு நாள்ங்கார். உங்களைத்தான் வரச் சொல்லுதா. திட்டுறதுக்காத்தான் இருக்கும். ஆனாலும் வாங்கக்கா’ன்னா.”

“ஆஸ்பத்திரி கீழல்ல இருக்கு. நீங்க மேல வந்திருக்கீங்க.”

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது.

“வெறுங்கையோட எப்படிப் போவேன்? அவளுக்குன்னு ஒரு கதை வேணும். எழுத வரலை.”

“முப்பது வருஷமா வந்துச்சே.”

“பெரிய தாள் ஒண்ணை மடிச்சா பதினாறு பக்கம். என் புத்தகம் எல்லாமே அவ்வளவுதான். நான் எப்பவும் பதினாறாம் பக்கத்தைத்தான் முதல்ல எழுதுவேன். வாசல், விளக்கு, சுடுசோறு, அம்மா. அது கைக்கு வந்தப்புறம்தான் தைரியமாப் பிள்ளையைத் தொலைப்பேன். இவளுக்குப் பதினாறாம் பக்கம் என்னன்னு எழுத? மோட்சம்னு எழுதவா? ஸ்கூல்ல மதர் சொல்லித் தந்தது அத்தனையும் மனப்பாடம். ஒரு வரிகூடப் பேனாவுல இறங்கல.”

சிஸ்டர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க ஜெபத்துலயே இருக்கிறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுங்க. போயிருதேன்.”

சிஸ்டர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“இது எத்தனையாவது பக்கம்?”

“ஒன்பது. காடு.”

“கன்னங்கரேல்னு இருக்கே. பிள்ளைகூட யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“ஒரு நாய்க்குட்டிகூடவா?”

“படம் போடுறவர் ஒண்ணு வரைஞ்சுதான் வச்சிருந்தார். நான்தான் அழிக்கச் சொன்னேன். பிள்ளை தனியா நின்னாத்தான் கேக்குறவங்க அடுத்த பக்கத்துக்கு ஓடுவாங்க. இன்னும் ஏழே பக்கம், வீடு வந்துருமே.”

“நாற்பத்திமூணுலயுமா?”

“நாற்பத்திமூணுலயும்.”

சிஸ்டர் எழுந்தாள்.

“உள்ள வாங்க.”

கோயிலுக்கு ஜன்னல் கிடையாது. இருவரும் நுழைந்ததும் சிஸ்டர் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே உச்சி வெயில். உள்ளே தன் கையே தனக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா காத்திருந்தாள். ஜெபம் தொடங்கும் என்று நினைத்தாள்.

ஒன்றும் தொடங்கவில்லை.

“சிஸ்டர்?”

பதில் இல்லை.

சுவரைத் தடவினாள். பாறை ஜில்லென்று பிசுபிசுத்தது. இரண்டடி வைத்தாள். கதவு எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது.

“சிஸ்டர், விளையாடாதீங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது.”

எங்கோ ஒரு மூலையிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. தேன் தடவினாற்போல் இருந்தது.

“பயப்படாதீங்க அக்கா. கொஞ்ச நேரம்தான். வெளிச்சம் வந்துரும். சுடச்சுடச் சாப்பிட்டுட்டு, சந்தோஷமா வீட்டுக்குப் போயிரலாம்.”

ஜெசிந்தாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“யாருக்கு வேணும் உங்க சோறு? அங்க நின்னுக்கிட்டுக் கதை அளக்காதீங்க! இங்க வாங்க!”

பாறையில் அவள் குரல் மோதித் திரும்பியது. அது அடங்கியதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு காலடிச் சத்தம். துணி உரசும் சத்தம். ஒரு தோள் வந்து அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்தது.

இருட்டு ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஜெசிந்தாவின் பயமும் போகவில்லை. ஆனாலும் அவள் கதவைத் தேடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தடவித் தடவிப் போய்த் தாழை நீக்கியவள் ஜெசிந்தாவேதான். வெயில் முகத்தில் அறைந்தது. படியில் குனிந்து செருப்பை மாட்டினாள்.

“அக்கா,” என்று சிஸ்டர் கூப்பிட்டாள். “போய் அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

ஜெசிந்தா காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. கீழே போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பிள்ளை கட்டில் பக்கத்துல உட்கார ஸ்டூல் ஏதாவது கிடந்துச்சா?” என்றாள். “யோசிச்சு யோசிச்சுப் பார்க்கேன் சிஸ்டர். ஞாபகமே வரலை.”