இரண்டாம் பலகை

பேச்சிமுத்துவுக்கு ஐம்பது வயது. அவருக்குக் கணினி வேலை கற்றுக்கொடுக்கும் ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ரத்த வங்கியின் சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்று ஒரு கேள்வியோடு வந்தார்.

"ரத்த இருப்புக் கணக்கு ஓடுற இந்த மிஷின்ல மெமரிப் பலகை ரெண்டு இருக்கு. முதல்ல எழுதுறதை அப்படியே ரெண்டாவதுலயும் எழுதுது. எதுக்கு மேடம்?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணாச்சி?"

"தண்டம்னு நெனைக்கிறேன். ஒரே கொழம்பை யாராவது ரெண்டு அடுப்புல வைப்பாங்களா? பக்கத்துல பதிவு மிஷின் நத்தையா நகருது. ரத்தம் வாங்க வந்த சனம் என்னைத்தான் வையுது. அதுவும் இதே ரகம்தானே? ரெண்டாவதைக் கழட்டி அதுல மாட்டிட்டா பறக்கும்."

ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையை உருவி எடுக்கக்கூடிய இயந்திரம் அது. முகப்பில் இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடுகளவு விளக்கு. நலமென்றால் பச்சை, கெட்டுப்போனால் மஞ்சள். இரண்டாம் பலகையில் பச்சை எரிந்தது. முதல் பலகையில், ஆயுத பூஜைக்குப் பேச்சிமுத்து வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"ரெண்டாவதுக்குப் பொட்டு வைக்கலையா?"

"அது எடுபிடிதானே மேடம். பெரியவருக்கு வச்சாப் போதாதா?"

ரெஜினா சிரித்தார். "சரி, கழட்டுங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைக்கும் என்று பேச்சிமுத்து எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் பலகையின் கைப்பிடியைப் பற்றினார்.

"இருங்க. அதுக்கு முன்னாடி பெரியவர் பொட்டைத் துடைச்சிடுங்க."

கை அப்படியே நின்றது. "பூஜையில வச்சது மேடம். உங்களுக்கு ஆகாதுன்னா..."

"எனக்கென்ன அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. துடைங்க."

பேச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. இடது கை நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

அடியில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

"வைக்கும்போது பச்சையாத்தான் மேடம் இருந்துச்சு."

"இருந்திருக்கும்."

"எப்பக் கெட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும்? எல்லாம் பொட்டுக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கு."

வெளியே நர்ஸ் ஒருத்தி ஓடிவரும் சத்தம். "அண்ணே, ஓ நெகட்டிவ் இருக்கா? பிரசவ கேஸ், சீக்கிரம் பாருங்க!"

ரெஜினா விசைகளைத் தட்டினார். திரை உடனே பதில் சொன்னது. "இருக்கு. மூணாவது பிரிட்ஜ், மேல் தட்டு," என்றார். நர்ஸ் ஓடினாள்.

பேச்சிமுத்து தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னமும் இரண்டாம் பலகையின் கைப்பிடியில் இருந்தது. விரல் விரலாக எடுத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் தாங்கினது இதுதானா?"

"இதேதான்."

பேச்சிமுத்து சுவரில் இருந்த சாமி படத்தருகே போனார். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்து இரண்டாம் பலகையின் முன்னால் நின்றார்.

"வைக்கலாமா மேடம்?"

"வைங்க அண்ணாச்சி," என்றார் ரெஜினா. "விளக்கை விட்டுட்டு வைங்க."