ஊன்றுகோலும் ஓரத்துப் புல்லும்

முன்னொரு சமயம் ஒரு மலையில் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். மேலே ஏழே ஏழு வீடுகள். அங்கே யாருக்காவது முடியாமல் போனால், போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, அந்தப் பாதையில்தான் சுமந்து இறக்குவார்கள். வேறு வழியே கிடையாது.

ஆவணியில் சாரல் ஓய்ந்த ஒரு காலை, தேவசகாயம் ஆளுக்கொரு கோல் பிடித்த ஒரு பெரிய கூட்டத்தோடு மலையேற வந்தார். மூட்டுவலிக்காரர். கையில் புத்தம்புது ஊன்றுகோல். நுனியில் இரும்பு முள், அதற்கு ஒரு ரப்பர் மூடி.

வழிகாட்ட வந்தவள் மேலே அந்த ஏழு வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த வெள்ளச்சி. "மூடியைப் போட்டுக்கிட்டுக் கல்லு மேல ஊனுங்க சார். ஓரத்துல குத்தாதீங்க" என்றாள்.

"மண்ணுலதாம்மா நல்லாப் பிடிக்குது. நான் விழுந்தா யாரு தூக்குறது?" என்று மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

கோலுக்குக் கொண்டாட்டம். பள்ளத்து ஓரம் புல் இருந்த இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டே போனது.

"ஐயோ, மெதுவா!" என்றது பாதை.

"சின்ன ஓட்டை. இதுக்கா இந்த அலறல்? நான் ஒரு மனுஷனை விழாம காப்பாத்திக்கிட்டிருக்கேன், தெரியுமா?"

"நல்ல வேலைதான், யாரு இல்லேன்னாங்க? ஆனா நீ போனதும் அந்த ஓட்டையில தண்ணி இறங்கும். உன் பின்னால இன்னும் நாற்பது கோல் வருது. கல்லு மேல ஊனு, தாங்கிக்கிறேன். ஓரத்தை மட்டும் விட்டுடு."

கோல் கேட்டால்தானே! பின்னால் வந்த நாற்பதும் கேட்கவில்லை. புல் வேரோடு பெயர்ந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஓட்டைகளில் இறங்கிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே மண்ணைக் கரைத்தது.

கார்த்திகையில் தேவசகாயம் மறுபடியும் வந்தார். அதே வளைவில் கோலை ஊன்றினார். ஓரம் பொலபொலவென்று சரிந்தது. பாதையே அறுந்து பள்ளத்துக்குள் போனது. வெள்ளச்சி பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு தூளி வந்தது. முன்னால் சுமந்து வந்தவன் வெள்ளச்சியின் அண்ணன். உள்ளே அண்ணி, பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நில்லு! வராதே! வழி இல்ல!" என்று கத்தினாள் வெள்ளச்சி.

தூளி அந்தப் பக்கமே நின்றது. தேவசகாயம் தலை நிமிரவில்லை.

"பாதையே, கொஞ்சம் தாங்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டது கோல்.

பள்ளத்திலிருந்து பாதை சொன்னது:

"நீ ஊன்றுவதற்கு நான் இருந்தேன். நான் ஊன்றுவதற்கு அந்தப் புல்தானே இருந்தது."