வெள்ளரிப் பிஞ்சுப் பாட்டு வழக்கு

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்க வேண்டும். எந்தக் காலம் என்பது சரியாக நினைவில்லை. ராஜாவின் பெயரைக் கனகசேனன் என்பார்கள், கனகவர்மன் என்பாரும் உண்டு. பாட்டு மட்டும் ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை.

ராஜா பல்லக்கில் கடைவீதி வழியாகப் போனபோது, வெள்ளரிப் பிஞ்சு விற்கும் இளஞ்சியம் பாடிக்கொண்டிருந்தாள்:

வெள்ளரிப் பிஞ்சே வெள்ளரிப் பிஞ்சே
வெயிலுக்கு உன்னைக் கடிக்கட்டுமா
உள்ளங்கையிலே உப்பு இருக்கு
உன்னைத் தொட்டுத் தின்னட்டுமா

கேட்டது ஒரே தடவை. பாட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பூஜையில் மந்திரத்துக்கு நடுவே பிஞ்சு. தூக்கத்திலும் பிஞ்சு. பக்கத்து நாட்டுத் தூதுவன் சமாதான ஓலையை வாசித்து முடித்ததும் ராஜா, "உன்னைத் தொட்டுத் தின்னட்டுமா?" என்றார். தூதுவன் அன்றே ஊரைவிட்டு ஓடினான்.

"இனி அந்தப் பாட்டை யார் பாடினாலும் நாடு கடத்துங்கள்!" என்று அவமானத்தில் ஆணையிட்டார் ராஜா.

விகடகவி கூத்தையனையும் அந்தப் பாட்டு விடவில்லை. குளத்தில் முழுகி எழுந்தபோது தன்னையறியாமல் பாடிவிட்டான். அவன் சபையைச் சிரிக்க வைப்பதைப் பொறுக்காத படைத்தலைவர், தண்டநாயகர் வீரகேசவர், கரையில் நின்று கேட்டுவிட்டார். மறுநாள் சபையில் வழக்கு. கூத்தையனின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. எல்லையைத் தாண்டினால் வெறும் காடு.

"பாடினாயா?" என்றார் ராஜா.

ராஜாவின் கால் கட்டைவிரல் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கூத்தையன் பார்த்துவிட்டான்.

"நாட்டில் எத்தனையோ பாட்டு இருக்கிறது, மகாராஜா. நான் பாடியது எதுவென்று தண்டநாயகரே சொல்லட்டும்."

"வெள்ளரிப் பிஞ்சே வெள்ளரிப் பிஞ்சே!" என்று உறுமினார் அவர்.

"இது காய்காரியைக் கூப்பிடுவது போல இருக்கிறதே, ஐயா. கூப்பிட்டால் தண்டனை உண்டா?"

சபை சிரித்தது.

"அடே, ராகம் போட்டுத்தானே பாடினாய்!"

"எந்த ராகம்?"

கோபத்தில் மனிதர் பாடியே விட்டார். படைகளை அதட்டிப் பழகிய குரல். முதல் இரண்டு அடிகள் ஒருவாறு நகர்ந்தன. மூன்றாவது அடியில், மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கினார். கூத்தையனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. தனக்கே இப்படியென்றால் ராஜாவுக்கு எப்படி இருக்கும்?

"நான் அப்படிப் பாடவில்லையே" என்று மட்டும் சொன்னான்.

தண்டநாயகர் மறுபடி பாடினார். மறுபடி இறங்கினார். ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றினார். தண்டநாயகர் இன்னும் உரக்க, "உள்ளங்கையிலே..." என்று தொடங்கினார்.

"ஐயோ, அங்கே மேலே போகணுமய்யா!"

கத்தியது ராஜா. எழுந்தே விட்டார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, நான்கு அடிகளையும் பிசகாமல் பாடினார். கடைசி அடியில் சபை முழுவதும் சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எல்லைக்கு எல்லோரும் சேர்ந்தே புறப்படலாம், மகாராஜா" என்றான் கூத்தையன் பணிவாக. "முதல் பல்லக்கு தங்களுடையது. ஆட்சியை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் கவலை. இங்கே பாடாமல் இருப்பது வாசலில் நிற்கும் யானை ஒன்றுதான்."

கிரீடம் நழுவும்வரை சிரித்தார் ராஜா. ஆணை அப்போதே ரத்தானது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"இளஞ்சியம் வாயைத் திறக்கப் பயந்து வியாபாரத்தை விட்டுவிட்டாள். கோட்டை வாசலிலேயே அவள் விற்கட்டும்."

அப்படியே ஆயிற்று. இளஞ்சியம் வாசலில் விற்றாள். பிறகு அவள் மகள் விற்றாள். கூத்தையனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தண்டநாயகர் பதவியில் நீடித்தார். மூன்றாவது அடி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ராஜா பாடிக்கொண்டே பல காலம் ஆண்டார். ஒருநாள் விழித்தபோது பாட்டு அவரை விட்டுப் போயிருந்தது. அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை.