முதலை சொன்ன வழி

காட்டுக்குள் ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குளத்தில் சலோமி என்கிற நண்டு தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் ஓடு இறுகவில்லை. தண்ணீர் போய் வெயில் பட்டால் ஒன்றுகூடத் தப்பாது. அந்தப் பயத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

குளத்துக்குப் பெரியவர் தவளை இஸ்ரவேல். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை! அன்று சாயங்காலம் எல்லாரையும் கூட்டிவைத்து, "கர்த்தாவே, தண்ணீர் தாரும்!" என்று உருகி ஜெபித்தார். கெண்டை மீன்கள் வாயைத் திறந்து திறந்து ஆமென் சொல்லின. சலோமி அழுதே விட்டாள்.

மறுநாள் காலையில் கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கரை முழுக்க முட்புதர். அதன் இடுக்கில் ஒரு முதலையின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"பிள்ளைகளா! உங்க ஜெபம் என் காதுல விழுந்துச்சு, மனசு கேக்கல! இந்தப் பக்கம் ஆறு ஓடுது. கரையில ஒரு ஓட்டை போடுங்க, தண்ணி உள்ளே கொட்டும்! நானே தோண்டித் தருவேன், இந்த முள்ளு விடமாட்டேங்குது."

இஸ்ரவேல் துள்ளிக் குதித்தார். "அல்லேலூயா! நேத்து கேட்டோம், இன்னிக்கே ஆள் அனுப்பிட்டார்! சலோமி, தோண்டுறதுக்கு உங்க நண்டுக் கூட்டத்தை விட்டா யார் இருக்கா? ஆரம்பிம்மா!"

சலோமிக்கும் ஆசைதான். யாருக்கு இருக்காது? கரையடிக்குப் போய்க் கொடுக்கை ஓங்கினாள். ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயா, உடைச்ச கரையைத் திரும்ப அடைக்க நம்மளால முடியாது. மேலே ஏறி ஆத்தை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேனே!"

"சீக்கிரம் தோண்டு! இன்னிக்கு விட்டா ஆத்துத் தண்ணி வடிஞ்சிடும்!" என்று முதலை அவசரப்படுத்தியது.

இஸ்ரவேலுக்குக் கோபம் தலைக்கேறியது. "கர்த்தர் கொடுத்ததைப் போய்ச் சந்தேகப்படுறியா? இதுதான் உன் விசுவாசமா?"

"எங்களைச் சாகடிக்கப் பாக்கிறியா?" என்று மீன்களும் கத்தின.

சலோமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. குளமே எதிர்த்து நின்றால் யாருக்குத்தான் கால் நடுங்காது? அவளுக்கோ எத்தனை கால்! ஆனாலும் வாயைத் திறந்தாள். "கர்த்தர்கிட்ட கேட்டோம், வாஸ்தவம். அதுக்காக மறுநாள் வந்து நிக்கிறவன் எல்லாம் அவர் அனுப்பின ஆளா? பார்க்கிறதுக்குக் கண்ணையும் அவர்தானே தந்திருக்கார்!"

"ஆண்டவரே, புத்தி தாரும்" என்று முணுமுணுத்தபடியே முள்ளுக்குள் நுழைந்து ஏறினாள்.

உச்சிக்குப் போனவள் திகைத்துப்போனாள். ஆறு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கேயோ கிடுகிடு பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குளமோ மேட்டில்! கரையில் ஓட்டை விழுந்தால் ஆற்றுத் தண்ணீர் மேலே ஏறி வருமா? குளத்துத் தண்ணீர்தான் மீனோடும் தவளையோடும் கீழே கொட்டும். அது கொட்டுகிற இடத்தில் முதலையின் பெண்டாட்டி பிள்ளைகள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன.

"அடப்பாவி!"

சலோமி விழுந்தடித்து இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னாள். இஸ்ரவேல் நம்பவில்லை. தானும் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தவர் நேரே சலோமியிடம் போனார்.

"என்னை மன்னிச்சிரும்மா. எல்லாரையும் நானே கொன்னிருப்பேன்."

"அது கிடக்கட்டும் ஐயா, தண்ணிக்கு வழி பார்ப்போம்!"

சலோமி நடுக்குளத்துக்குப் போய்ச் சேற்றைக் குத்திப் பார்த்தாள். ஆழத்தில் சேறு சில்லென்று இருந்தது. "இங்கே கீழ்நோக்கித் தோண்டுவோம்! ஊத்து இருந்தா பிழைச்சோம். இல்லைன்னா நம்ம உழைப்புதான் வீண், இருக்கிற தண்ணி எங்கேயும் போயிடாது."

நண்டுகள் தோண்டின. தவளைகள் பின்னங்காலால் சேற்றை எற்றின. எல்லாரையும்விட இஸ்ரவேல்தான் அதிகம் எற்றினார். பொழுது சாய்கிற நேரத்தில் பொத்துக்கொண்டு கிளம்பியது ஊற்று!

"தண்ணி! தண்ணி!"

குஞ்சுகள் அதில் விழுந்து புரண்டன. இஸ்ரவேல் துதிப்பாட்டு எடுத்தார், காடே அதிர்ந்தது.

"என்ன சத்தம்? இன்னுமா தோண்டல?" என்று கரைக்கு அப்பாலிருந்து முதலை கேட்டது.

"தோண்டியாச்சு அண்ணாச்சி, தண்ணியும் வந்தாச்சு! வீட்டுல எல்லாரையும் வாயை மூடச் சொல்லுங்க, ஈ புகுந்துடப் போகுது!" என்றாள் சலோமி.

குளமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முதலைக் குடும்பம் வெறும் வயிற்றோடு மணலில் ஊர்ந்து போயிற்று.

கர்த்தரிடம் ஜெபித்தவர்கள் முதலில் திறந்த வழியிலே கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடாமல், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் தந்த புத்தியால் ஆராய்ந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.