தகரத்தைத் தொட்ட கை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. சொன்ன நாவரசு பொய் பேசுகிறவர் அல்ல. கோளாறு என்னிடமே இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியும், எதையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அவர் சொன்னது இதுதான்.

"ஏனுங்க டீச்சர், இது பட்டறையா, கோயிலா?"

உடுமலைப்பேட்டையில் உதிரிகளைச் சேர்த்துக் கணினி பூட்டக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா டீச்சரிடம் நாவரசு கேட்டார். டீச்சருக்கு வயது முப்பது. நாவரசுக்கு நாற்பத்தாறு. கண்டக்டர் வேலையை விட்டு வந்தவர். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். தினமும் நைலான் கறுப்புச் சட்டைதான்.

அங்கே வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் கணினிப் பெட்டியின் தகரத்தைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வெளியே மண்ணில் ஒரு செம்புக் கம்பி புதைந்திருந்தது. டீச்சர் காலையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அதிலிருந்து ஒரு பச்சை வயர் ஜன்னல் வழியாக வந்து தகரத்தில் முடிந்தது.

"காத்து காஞ்சு கெடக்குதுங்ணா. ராத்திரி சட்டையைக் கழட்டுனா படபடன்னு சத்தம் வருமே, கேட்டிருக்கீங்களா?"

"வரும்."

"அது மின்சாரம். தகரத்தைத் தொட்டா மண்ணுக்குப் போயிரும்."

"அந்தச் சத்தத்துக்கெல்லாம் நான் பயப்படறதில்லைங்க."

"சாகறது நீங்க இல்லையே. பெட்டிக்குள்ள மாட்டற ரேம்தான சாகுது."

"சரி, கண்ணுல ஒத்தறது எதுக்கு?"

"நான் தொடத்தான் சொன்னேன். ஒத்திக்கறது அவங்க பாடு."

"நான் தொட்டா, கறுப்புச் சட்டையும் கும்புட்டுட்டான்னு சிரிப்பானுக."

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து வயர் வைத்த கைப்பட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அப்ப இதைக் கட்டிக்குங்க."

"காப்புக் கட்டச் சொல்றீங்களா? எந்த அம்மனுக்குங்க நோம்பி?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. டீச்சரும்.

நாவரசு தொடாமலே முதல் கணினியைப் பூட்டினார். ஓடியது.

"பாத்தீங்களா?"

டீச்சர் அடுத்த பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினார்.

இரண்டாவது கணினி எழவேயில்லை. ரேம் செத்திருந்தது.

"சரக்கு மட்டம்" என்றார் நாவரசு.

இரண்டு மாதம் கழித்து முதல் கணினியும் பழுதாகித் திரும்பி வந்தது. டீச்சர் அதை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மதியம் நஞ்சப்பன் வந்தார்.

இருபது வயதில் நாவரசு இந்த மனிதரின் மேடைப் பேச்சைக் கேட்டுத்தான் கறுப்புச் சட்டை போட்டார். புற்றுநோய் வந்து இப்போது நஞ்சப்பனுக்குக் குரல்வளை இல்லை. அவர் தட்டச்சு செய்வார், கணினி பேசும். அந்தக் கணினி நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். ஐயர் இல்லை. பேசி நடத்தி வைக்க வேண்டியவர் அவர்தான்.

டீச்சர் ஒரு ரேமை உறையோடு நாவரசு முன்னால் வைத்தார்.

"இந்தப் பெட்டிக்குச் சேர்ற ரேம் இது ஒண்ணுதான் இருக்கு. நீங்க பூட்டுங்க."

"டீச்சர், இதை மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க."

"மாட்டேன்."

"அவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதனாலதான் மாட்டேங்கறேன்."

"என்னால தொட முடியாதுங்க."

"அப்ப தொடாமப் பூட்டுங்க."

நாவரசின் கை உறை வரைக்கும் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மடியிலிருந்த சிலேட்டை எடுத்து எழுதி, தூக்கிக் காட்டினார்.

"தகரத்துக்கா பயப்படறே?"

நாவரசு தகரத்தைத் தொட்டார். பூட்டினார்.

கணினி பேசியது. மறுநாள் பந்தலிலும் பேசியது.

"தொட்டேன். அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு முறையும் இங்கே முடித்துவிடுவார் நாவரசு.

இப்போது அவருக்குச் சொந்தக் கடை. பச்சை வயர் இருக்கிறது. வெளியே மண்ணில் கம்பியும், பக்கத்தில் குடமும் இருக்கின்றன. அவர் வேலை செய்யும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தகரத்தைத் தொடுவார். தொட்ட கை மேலே எழும். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யும். பிறகு கீழே இறங்கும்.

கண்ணாடி நழுவியிருக்காது.

நானும் எதையும் கும்பிடாதவன்தான். அதனால்தான் கேட்காமல் இத்தனை வருடம் இருந்தேனோ என்னவோ. போன வாரம் கேட்டுவிட்டேன்.

"கண்ணாடி போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, தொட்ட கை எங்க போகுங்ணா?"