சனியைப் படம் புடிச்ச மருமக

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம். பேரு அபரஞ்சி. கல்யாணமாகி வர்றப்போ எல்லாப் பொண்ணுங்களும் பீரோ, கட்டில், கிரைண்டர்னு கொண்டு வருவாங்க இல்ல? இவ என்ன கொண்டு வந்தா தெரியுமா? இவ்ளோ பெரிய டெலஸ்கோப்பு! ம் கொட்டுடி. கொட்டினாதான் பெரியம்மாவுக்கு அடுத்தது வாயில வரும்... ஆங், அப்படி.

அவ மாமியார் வடிவாம்பா. தங்கமான மனுஷி, ஆனா சனின்னா அப்படி ஒரு பயம். ஏன்னா, அவ வீட்டுக்காரர் ஏழரைச் சனி நடக்குறப்போதான் போய்ச் சேர்ந்தாரு. சனி பகவான்தான் கொண்டு போயிட்டாருன்னு அவ மனசுல பதிஞ்சு போச்சு. பாவம்.

அப்போ ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம். அபரஞ்சி கொல்லையில நின்னு டெலஸ்கோப்புல பாத்துக்கிட்டிருக்கா.

"எதைடி பாக்குற?"

"சனியை, அத்தை."

டங்! வடிவாம்பா கையில இருந்த சொம்பு கீழ விழுந்துச்சு.

"சனியை நேருக்கு நேரா பாக்கலாமாடி? இந்த வீட்ல இன்னொரு உசுரு போகணுமா? நாளைக்கே இந்தக் குழாயை உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுறேன்!"

அபரஞ்சிக்கு அழுகையே வந்துடுச்சு. அவளே கண்ணாடியைத் தேச்சு தேச்சு செஞ்ச டெலஸ்கோப்பு அது. "நீங்க நேர்ல பாக்க வேணாம் அத்தை. போன்ல படம் புடிச்சுக் காட்டுறேன். அதுக்கப்புறமும் அனுப்பணும்னா அனுப்பிடுங்க"ன்னா.

வடிவாம்பா யோசிச்சா. படத்துல பாத்தா தோஷம் இல்லையே! உள்ளுக்குள்ள அவளுக்கும் பாக்கணும்னு ஆசைதான், சொல்ல மாட்டா. "மூணு நாள் தரேன். அதுக்குள்ள காட்டு."

முதல் நாள் குழாயைத் திருப்புனதுதான் தாமதம், மேகம் திரண்டு வந்து பொலபொலன்னு தூறல். சாக்கைப் போட்டு மூடிட்டு ஓடி வந்துட்டா.

அப்புறம் ரெண்டாம் நாள் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. பகல் பூரா வெயில் குடிச்ச தளம் இல்லையா? சூடு குபுகுபுன்னு மேல வருது. சூட்டுல காத்து அசையுது, சனி கொழகொழன்னு நெளியுறாரு. படம் எடுத்தா, பிசைஞ்சு போட்ட மஞ்சள் மாதிரி இருக்கு.

மூணாம் நாள் சனிக்கிழமை. மறுபடியும் கொல்லை. மண்ணு குளுகுளுன்னு இருக்கு, வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. போனை ஒட்ட வச்சுப் பாத்தா... கிடுகிடுன்னு நடுங்குறாரு சனி! ஏன்? சொல்லு பாப்போம். குளிரா? ச்சீ, சனிக்கு என்னடி குளிரு!

வடிவாம்பா பண்ண வேலை. சனி சாந்தமாகட்டும்னு குழாய் வாய்க்கு முன்னாடியே வரிசையா எள்ளு விளக்கு ஏத்தி வச்சிருக்கா!

"பாத்தியா, கோவத்துல ஆடுறாரு!"

"இல்ல அத்தை, விளக்குச் சூட்டுல காத்துதான் ஆடுது. தள்ளி வச்சா அவரு நின்னுடுவாரு."

"ஏத்துன விளக்கை நகத்துறதாவது!"

அபரஞ்சி விளக்கைத் தொடல. கெட்டிக்காரி, தொட்டிருந்தா அன்னிக்கே சண்டை. வடிவாம்பா போனைப் பாக்குறா, விளக்கைப் பாக்குறா. இங்க விளக்கு எரிஞ்சா அங்க அவரு ஏன் ஆடணும்? அது தெரியாம அவளால நிக்க முடியல. மெல்ல, "மன்னிச்சுக்க சாமி"ன்னுட்டு, விளக்கையெல்லாம் கிணத்தடிக்குக் கொண்டு போயி வச்சா.

சனி கம்முனு நின்னுட்டாரு.

சும்மா விட்டாளா? ஒரு விளக்கைத் திரும்பக் கொண்டு வந்தா. ஆடுறாரு! எடுத்துட்டுப் போனா. நிக்கிறாரு! "அடியாத்தீ!"

அப்புறம் அபரஞ்சி வீடியோ எடுத்தா. நல்ல வானத்துலயும் லேசா அசைவு இருக்குமாம். அதனால வீடியோவுல அசையாத படமா பொறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணா சேக்கணும். பொறுக்கினது யாரு? வடிவாம்பாதான்! "இது நெளியுது, தள்ளு. இது நல்லாருக்கு, வையி." கடைசியில வந்துச்சு படம். சின்னதா ஒரு மஞ்சள் உருண்டை. சுத்தி ஒரு வளையம்.

"எவ்ளோ தூரம்டி இருக்காரு?"

"நிக்காம பஸ்ஸுல போனாலும் ஆயிரம் வருஷத்துல போய்ச் சேர முடியாது அத்தை."

வடிவாம்பா படத்தையே பாத்துக்கிட்டிருந்தா. "அவ்ளோ தூரத்துல இருக்குறவருக்கு, நம்ம வீடு எதுன்னு எப்படிடி தெரியும்?" படத்தை விரலால மெல்லத் தடவினா. "இத்தனை வருஷமா இவரைப் போயி திட்டிட்டேனே..."

அபரஞ்சி அவ கையைப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் வடிவாம்பா முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டு, எழுந்து போயி, தானே டெலஸ்கோப்புல கண்ணை வச்சா. வச்சவ எடுக்கவே இல்ல.

"அத்தை... குழாயை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

"பேசாம இருடி, இப்பதான் தெளிவா தெரியுறாரு. நீ போயி தோசை ஊத்து."

அவ்ளோதான். கதை வானத்துக்குப் போயாச்சு, நீ தலகாணிக்குப் போ. கண்ணை மூடு.